ஒரு கால் தங்கம், ஒரு கால் சாதா

வெண்முடிக்குப் பனி வானத்திலிருந்து வருவதில்லை, கோயம்புத்தூரிலிருந்து வருகிறது. காலமெல்லாம் மோட்டார் பம்பு செய்த ஊர், கிணறுகள் வற்றிப்போனதும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்குமா? இளவெயிலில் உருகாத ஒரு பனியைக் கண்டுபிடித்தது. அதைப் பீய்ச்சியடிக்க இயந்திரமும் செய்தது. நீலகிரியில் யாரும் சீந்தாமல் கிடந்த ஒரு மொட்டை மலையை வாங்கி உச்சி முதல் அடிவாரம் வரை வெள்ளையடித்துவிட்டது. இப்போது திருப்பூர், ஈரோடு, தாராபுரம் என்று ஜனங்கள் வேன் வைத்துக்கொண்டு வருகிறார்கள். குரங்குக் குல்லாயும் புளிசாதப் பொட்டலமுமாக மலையேறி, காலுக்கு ஒன்றாகப் பலகை கட்டிக்கொண்டு, விழுந்து புரண்டு, இடுப்பைப் பிடித்தபடி பரம சந்தோஷமாக வீடு திரும்புகிறார்கள்.

சறுக்க வந்த இடத்திலும் இரண்டு ஜாதி. மேற்குச் சரிவு சாதா. தொங்கு நாற்காலியில் ஏறி உச்சிக்குப் போகவே ஒரு மணி நேரம் வரிசையில் நிற்க வேண்டும். கிழக்குச் சரிவு தங்கம். அங்கே கண்ணாடி மூடிய நாற்காலி, வரிசையே கிடையாது. தினமும் காலையில் புதுப்பனி போட்டு இஸ்திரி போட்ட மாதிரி வைத்திருப்பார்கள். நேற்று அவர்கள் சறுக்கித் தேய்த்த பனியை வண்டியில் அள்ளி மேற்கே கொட்டிவிடுவார்கள். ஜனங்கள் இதற்குக் கோயில் பாஷையிலேயே பெயர் வைத்துவிட்டார்கள். மேற்கே தர்ம தரிசனம், கிழக்கே சிறப்பு தரிசனம். யாருக்கும் பெரிதாகக் கோபம் வந்த மாதிரி தெரியவில்லை. சாமியைப் பார்க்கவே இரண்டு வரிசை என்று பழகினவர்களுக்குப் பனி எம்மாத்திரம்?

ஆனால் கோபம் வராதே தவிர, வேலி தாண்டும் ஆசை வரும். உச்சியில் மேற்கும் கிழக்கும் ஒட்டியே கிடந்தன. கயிறு கட்டினால் குனிந்து போனார்கள். சுவர் வைத்தால் ஏறிக் குதித்தார்கள். காவலாளி போட்டால் அவன் எல்லாருக்கும் சொந்தக்காரனாகிவிட்டான். கடைசியில் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் பூங்கோதைதான் வழி கண்டுபிடித்தாள்.

பலகையின் அடியில் ஒரு மெல்லிய தகடு. அதில் மீன் செதில் மாதிரி கண்ணுக்குத் தெரியாத செதில்கள். பனிக்கு அடியில் ஓடும் கம்பியிலிருந்து பலகைக்கு மின்சாரம் கிடைக்கும்வரை செதில் படிந்திருக்கும், பலகை வழுக்கும். மின்சாரம் இல்லையென்றால் செதில் நிமிர்ந்து பனியைக் கவ்விக்கொள்ளும். மஞ்சள் பலகை தங்கத்துக்காரர்களுக்கு, இரண்டு சரிவிலும் மின்சாரம் வாங்கும். வெள்ளைப் பலகை சாதாக்காரர்களுக்கு. அது கிழக்குச் சரிவில் கால் வைத்தால் பட்டினி கிடக்கும். கால் அப்படியே நின்றுவிடும். அதோடு விடாமல் பலகை மரியாதையாகப் பேசவும் பேசும். 'அன்பரே, இது தங்கச் சரிவு. மாற விரும்பினால் சரி என்று சொல்லவும்.'

இதற்காகப் பூங்கோதைக்கு விருதெல்லாம் கொடுத்தார்கள். அவளுக்கும் பெருமைதான். எப்போதாவது எல்லைக் கோட்டைத் தாண்டி நின்றுபோன குழந்தை தன் காலையே குனிந்து பார்த்துக்கொண்டு முழிப்பதைப் பார்த்தால் மட்டும் நெஞ்சில் முள் குத்தும். திரையை வேறு பக்கம் மாற்றிவிடுவாள்.

வசூலாகிற இடத்தில் தானம் இல்லாமலா? அதையும் நம் ஆட்களே கொண்டுவந்தார்கள். பிறந்தநாள், கல்யாண நாள், பையன் பாஸானது என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிப் பணக்காரர்கள் சாதா ஜனங்களுக்குத் தங்கச் சவாரி வழங்குவார்கள். மலை முழுக்க ஒலிபெருக்கியில் பெயர் சொல்லி நாதஸ்வரம் போடுவார்கள். பத்து இலை அன்னதானம் போட்டவருக்குக் கிடைக்கும் அதே பூரிப்பு, வியர்வை இல்லாமல்.

அந்த வாரம் பூங்கோதையின் தங்கை வானதி புதுமாப்பிள்ளை கதிர்வேலோடு மலைக்கு வந்திருந்தாள். அக்காவை விடப் பன்னிரண்டு வயது சின்னவள். ஊழியருக்கு வருஷத்துக்கு ஒரு தங்க டிக்கெட் இலவசம். வானதி இரண்டு கேட்டாள்.

"ஒண்ணுதான் அம்மிணி. ரூல்ஸ் அப்படி."

"நீதானக்கா இங்க எல்லாமே? உனக்கென்ன ரூல்ஸு?"

"எனக்கே இல்லைன்னா அப்புறம் யாருக்கு இருக்கும்?"

வானதிக்கு மூக்கு நுனி சிவந்தது. டிக்கெட்டை வாங்கிக்கொண்டு புருஷனோடு போய்விட்டாள். பூங்கோதைக்கு உறுத்தாமல் இல்லை. இன்னொன்றைச் சொந்தக் காசில் வாங்கிக் கொடுத்திருக்கலாமே என்று தோன்றியது. தோன்றுவதற்குள் அவர்கள் நாற்காலி ஏறிவிட்டார்கள்.

மத்தியானம் மலையை மூடுபனி கவ்வியது. கட்டுப்பாட்டு அறைத் திரையில் கேமராக்கள் எல்லாம் பால் ஊற்றினாற்போல் வெளுத்துக் கிடந்தன. பலகைகள் மட்டும் மஞ்சளும் வெள்ளையுமாகப் புள்ளிகளாக நகர்ந்தன. கிழக்குச் சரிவின் ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி அசையாமல் இருந்தது. பக்கத்தில் சிறு எழுத்தில், 'சாதா பயணி, நிறுத்தப்பட்டார்.' எச்சரிக்கை மணி எதுவும் அடிக்கவில்லை. இயந்திரத்தின் கணக்கில் எல்லாம் சரியாகவே நடந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் கதிர்வேல் கைபேசியில் கூப்பிட்டான்.

"அக்கா, வானதி சரிஞ்சு போயிட்டாக்கா. கெழக்கு ஓரத்துல, பாறைக்கு மேல தொங்குறா. போன் வேற கீழ விழுந்துருச்சு போல, எடுக்க மாட்டேங்கறா."

பூங்கோதையின் கண் அந்த வெள்ளைப் புள்ளிக்குத் திரும்பியது. "மாப்ளே, பதறாதீங்க. நீங்க எங்க இருக்கீங்க?"

"மேல, கோட்டுக்குப் பக்கத்துலயே விழுந்துட்டேனுங்க்கா. ஒரு காலு நின்னுருச்சு, ஒரு காலு ஓடிருச்சு."

"அதெப்படி ஒரு காலு மட்டும் ஓடும்?"

 கதிர்வேல் குரலைத் தாழ்த்திச் சொன்னான். "ஒருத்தர் தங்கத்துலயும் ஒருத்தர் சாதாவுலயும் போக மனசு வரலீங்க்கா. கீழயே பலகையை மாத்திக்கிட்டோம். ஆளுக்கு ஒரு மஞ்சள், ஒரு வெள்ளை. பாதிப் பாதியாச்சும் போலாமேன்னு."

ஒரு தோசையைப் பிய்த்து இரண்டு தட்டில் வைக்கிற மாதிரி ஒரு டிக்கெட்டைப் பிய்த்திருக்கிறார்கள். பூங்கோதை அந்தத் தகட்டைக் காற்றில், மழையில், குழந்தை காலில், குடிகாரன் காலில் என்று எல்லா விதத்திலும் சோதித்தவள். கல்யாணமான புதிதில் இருக்கும் ஒரு தம்பதியை வைத்துச் சோதிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"அவ இப்ப எப்படி இருக்கா? தெரியுதா உங்களுக்கு?"

"நடுநடுவுல மஞ்சு விலகறப்ப தெரியுதுங்க்கா. படுத்த மேனிக்கு இருக்கா. இடது காலு வெள்ளைப் பலகை பனியில குத்திக்கிட்டு நிக்குது. வலது காலு வெளிய தொங்குது. அக்கா, பணம் எவ்வளவுன்னாலும் நான் கட்டிடறேன். அந்தப் பூட்டை எடுத்து விட்டுருங்க. கால் மாட்டிக்கிட்டதாலதான் அவளால எந்திரிக்க முடியல."

"கட்டாதீங்க மாப்ளே. எதையும் தொடாதீங்க. நான் சொல்ற வரைக்கும் நின்ன எடத்துலயே நில்லுங்க."

பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார் மேலாளர் ராஜாமணி. நல்ல மனுஷர். வருமானம் குறையாதவரை யாருக்கும் எதையும் கொடுப்பார்.

"ஏம்மா, உன் தங்கச்சியா அது? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே ரெண்டு டிக்கெட் குடுத்திருப்பனே. இப்ப ஒண்ணும் கெட்டுப்போகல. கோயம்புத்தூர் ஆபீசுக்குப் போன் போட்டு அந்தப் பலகையத் தங்கமா மாத்தச் சொல்றேன். எந்திரிச்சு வந்துரட்டும்."

"சார், போனைக் கீழ வைங்க."

அவள் அவரிடம் அந்தக் குரலில் பேசியதே இல்லை. ராஜாமணி வைத்துவிட்டார்.

"கோட்டைத் தாண்டறப்ப வெள்ளை நின்னுருச்சு, மஞ்சள் ஓடிருச்சு. அதுல சுத்திவிட்டு உருண்டு போயிருக்கா. உருண்டவ எங்கயோ வெள்ளைப் பலகை பனியில பட்டு, செதில் கவ்வி நின்னிருக்கு. அவ ஒடம்பு மொத்தமும் இப்ப அந்த ஒத்தைப் பலகையிலதான் நிக்குது சார். நீங்க தங்கமா மாத்தினா செதில் படிஞ்சுரும்."

"படிஞ்சா?"

"வழுக்கும்."

ராஜாமணிக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். வானதியைத் தள்ளிவிட்டதும் பூங்கோதை செய்த சாமான். பிடித்துக்கொண்டிருப்பதும் அவள் செய்த சாமான்தான். அதைப் பற்றி யோசிக்க இப்போது அவளுக்குப் பொழுதில்லை.

அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி தொண்டையைச் செருமியது.

"ஈரோடு மஞ்சள் மண்டி உரிமையாளர் நல்லசிவம் ஐயா அவர்களின் அறுபதாம் கல்யாணத்தை முன்னிட்டு, சாதா அன்பர்கள் அறுபது பேருக்குத் தங்கச் சவாரி அன்புடன் வழங்கப்படுகிறது."

நாதஸ்வரம் பிளந்துகொண்டு கிளம்பியது. மலை முழுக்கக் கெட்டிமேளம்.

பூங்கோதை ராஜாமணி பக்கம் திரும்பினாள். "இது மொதல்ல யாருக்குப் போகும் தெரியுமா சார்? கெழக்குச் சரிவுல எந்த வெள்ளைப் பலகை நின்னுக்கிட்டிருக்கோ, அதுக்கு."

"கேட்டுட்டுத்தான குடுக்கும்?"

"கேக்கும். 'சரி'ன்னு ஒரு வார்த்தை போதும். பாறை மேல தொங்கறவ சரின்னுதான சொல்லுவா?"

"மைக்கில சொல்லும்மா, வேண்டாம்னு சொல்லச் சொல்லு."

"மேளம் முடியற வரைக்கும் மைக்கு கோயம்புத்தூர் கையில. டிக்கெட்டும் அவங்க கையில. போன் போட்டு, அவங்களுக்கு வெளக்கி, அவங்க இன்னொருத்தரைக் கேட்டு..." அவள் எழுந்து சுவரோரம் போனாள். "நம்ம கையில இருக்கறது ஒண்ணே ஒண்ணு. கெழக்குச் சரிவோட கரண்ட்டு. அதை எடுத்துட்டா தங்கமும் வழுக்காது, சாதாவும் வழுக்காது. யாரு என்ன தானம் பண்ணினாலும் அந்தச் செதில் படியாது."

ராஜாமணி எழுந்துவிட்டார். "கெழக்க எரநூறு பேரு இருக்காங்கம்மா. அத்தனையும் தங்கம். நடு மலையில நிறுத்தினா நாளைக்கு நான் வீட்டுக்குத்தான் போகணும்."

"போலாங்க சார். சேர்ந்தே போலாம்."

அவள் சுவரிலிருந்த கரண்ட்டுக் குமிழைப் பிடித்தாள். சட்டென்று அணைத்துவிட முடியாது. வேகமாக வருகிறவர்களின் கால் நின்று தலை குப்புற விழுவார்கள். பால் பொங்கும்போது அடுப்பைத் தணிக்கிற பக்குவத்தில் மெல்ல மெல்லத் திருப்ப வேண்டும். ஒவ்வொரு கணமும் பலகை வானதியிடம் கேட்டுக்கொண்டிருக்கும். ஒவ்வொரு கணமும் வானதி வாயைத் திறக்கலாம். பூங்கோதை இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு திருப்பினாள். அந்த வெள்ளைப் புள்ளியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அது இருக்கிறது, இன்னும் இருக்கிறது என்பதைத் தவிர உலகத்தில் அவளுக்கு வேறு செய்தி தேவைப்படவில்லை.

ராஜாமணி கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு தானாகவே மீட்புக்குழுவைக் கூப்பிட்டார். "போஜா, ஆணி பூட்ஸ் போட்டுக்கிட்டு கயிறு எடுத்துட்டு கெழக்கு ஓரத்துக்கு ஓடு. பலகை வேண்டாம். நடந்து போ. ஒரு பொண்ணு, எடது காலு பலகைதான் புடிமானம், அதைத் தொட்டுராதே." போனை வைத்தபின் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "வேலை போனாப் போகுது போ."

திரையில் மஞ்சள் புள்ளிகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து நின்றன. வெண்முடி திறந்த நாளிலிருந்து கிழக்குச் சரிவில் அப்படி ஒரு காட்சி கிடையாது. ஆலை முதலாளிகள், டாக்டர்கள், நகைக்கடைக்காரர்கள் எல்லாரும் நின்ற இடத்தில் நின்று தங்கள் கால்களையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர் மட்டும் பொத்தென்று உட்கார்ந்தார். அவருக்கும் அடியில்லை.

குமிழ் முழுதும் திரும்பி 'டக்' என்றது. மேளம் அதற்கப்புறமும் வாசித்து ஓய்ந்தது. மைக் கைக்கு வந்ததும் பூங்கோதை பேசினாள். தலைமைப் பொறியாளரின் குரலை மலை அன்றைக்குத்தான் கேட்டது.

"அம்மிணி, அக்கா பேசறேன். அசையாத. காலை உருவாத. போஜன் அண்ணன் நடந்து வந்துக்கிட்டிருக்காரு. கண்ணை மூடிக்கிட்டு அப்பிடியே கெட. அக்கா இருக்கேன்."

கேட்டதா இல்லையா, யார் கண்டது? அவள் அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். சொல்கிற மும்முரத்தில் குலதெய்வத்துக்கு ஒரு கிடா நேர்ந்துகொண்டதும் மைக்கில் போய்விட்டது. ராஜாமணி சிரிக்கவில்லை.

ஒரு யுகம் கழித்துக் கம்பியில்லாப் பேசியில் போஜன் மூச்சிரைத்தார். "மேடம், புடிச்சாச்சுங்க. கயிறு போட்டு மேல இழுத்துட்டோம். பொண்ணு பத்திரம். முட்டியில சிராய்ப்பு, அவ்வளவுதான். பலகையக் கண்டபடி திட்டிக்கிட்டே வருதுங்க."

பூங்கோதை மைக்கின் மேலேயே தலையைச் சாய்த்துக்கொண்டாள்.  அப்பாடா என்ற அந்த ஒரு மூச்சு மலை முழுக்கக் கேட்டது. எங்கேயோ சிலர் கைதட்டினார்கள்.

கரண்ட்டைத் திரும்பப் போடவில்லை. பலகை வழுக்காத சரிவில் என்ன செய்ய முடியும்? எல்லாரும் பலகையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடந்து இறங்கினார்கள். மூடுபனி கலைந்ததும் மேற்கிலிருந்து சாதா ஜனங்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். நிறுத்த இப்போது பூட்டு எதுவும் இல்லை. நடக்கத் தெம்பில்லாதவர்களுக்குக் கை கொடுத்தார்கள். மஞ்சள் மண்டி நல்லசிவம் மாலையும் கழுத்துமாக மனைவியின் கையைப் பிடித்து மெல்ல இறங்கினார். இந்த மலையை இவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை என்று அந்த அம்மாள் யாரிடமோ சொல்லிக்கொண்டு போனார்.

முதலுதவி அறைக்குப் பூங்கோதை ஓடினாள். வானதி கம்பளிக்குள் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். கதிர்வேல் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்திருந்தான். இனிமேல் இந்த ஜென்மத்தில் எதையும் பங்கு போட மாட்டான் என்று முகத்தில் எழுதியிருந்தது. பூங்கோதை தங்கையைக் கட்டிக்கொண்டு, விட்டு, கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, மறுபடி கட்டிக்கொண்டாள்.

"ரொம்பப் பயந்துட்டயா அம்மிணி?"

"மொதல்ல பயந்தேன். அப்புறம் எரிச்சல்தான் வந்துச்சு. அந்தச் சனியன் புடிச்ச பலகை காலுகிட்ட பேசிக்கிட்டே இருக்குதுக்கா. 'நல்லசிவம் ஐயா உங்களுக்குத் தங்கச் சவாரி வழங்குகிறார், சரியா'ன்னு."

பூங்கோதையின் கை நின்றுவிட்டது. "எப்பக் கேட்டுச்சு?"

"மேளம் ஆரம்பிச்ச ஒடனே. மூணு தடவை கேட்டுச்சு. நீ மைக்குல பேசினது அதுக்கு ரொம்பப் பின்னாடி."

மேளம் ஆரம்பித்தபோது கரண்ட் முழுசாக ஓடிக்கொண்டிருந்தது. பூங்கோதை குமிழில் கையே வைத்திருக்கவில்லை.

"நீ என்ன சொன்னே?"

"என்ன சொல்லுவாங்க? வேண்டாம்னேன். கூடப் பொறந்தவகிட்டக் கேட்டே கெடைக்கல, முன்னப்பின்ன தெரியாத ஆளு ஓசியில குடுத்தா வாங்கிக்கணுமா? எனக்கு ரோஷம் இல்லையா? 'போய்யா, நீயும் உன் தங்கமும்'னுட்டேன்." வானதி தேநீரை ஊதி ஒரு வாய் குடித்தாள். "ஏங்க்கா, சரின்னு சொல்லியிருந்தா சீக்கிரம் தூக்கியிருப்பாங்களோ?"

பூங்கோதை அப்படியே தரையில் கதிர்வேலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் முட்டி மோதிக்கொண்டு வந்தன. அழுகைதான் முதலில் வெளியே வந்தது. முகத்தை மூடிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

வானதி பதறிப்போய்க் குவளையைக் கீழே வைத்தாள். கம்பளியோடு இறங்கி வந்து அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, விடுக்கா. எனக்கு இப்பக் கோவமே இல்ல. ஒரு டிக்கெட் குடுக்கலைன்னு யாராச்சும் இப்பிடி அழுவாங்களா?"